குணத்துக்குச் சாட்சி

டிவியில் பேச எழுதித் தந்த தாளின் முதல் வரியில் பொய் இல்லை, என்று மல்சுன் நினைத்துக்கொண்டாள். ‘என் மகன் தோயோல் ராணுவத்தில் இறந்தான்.’ இரண்டாவதிலும் இல்லை. ‘யாரும் எங்கள் பேச்சைக் கேட்காத நேரத்தில் நாம்குங் சோக் வந்தார்.’ வந்தார்தான். ‘என் மகன் படத்துக்கு முன்னால் மண்டியிட்டு, நெற்றி தரையில் படும்படி வணங்கினார். அழுதார்.’ வணங்கினார், அழுதார். அந்த அழுகை நடிப்பு என்று யாராவது சொன்னால் அவளே மறுப்பாள். ஒவ்வொரு வரியாக உரசிப் பார்த்துக்கொண்டே வந்தாள். எதுவும் போலி இல்லை. ஆனாலும் சேர்த்து வாசித்தால், தனக்குத் தெரியாத ஒருவரைப் பற்றி யாரோ எழுதியது போல இருந்தது.

“கண்ண மூடிக்கங்கம்மா” என்றாள் மேக்கப் போடும் பெண். ஈரப் பஞ்சு நெற்றியில் குளிர்ந்தது.

“ரொம்பப் பூசாத” என்றாள் பக்கத்து நாற்காலியிலிருந்த யோம் அக்கா, ஆரஞ்சுச் சுளையை வாயில் போட்டுக்கொண்டே. “பிள்ளையப் பறிகொடுத்தவ பளபளன்னு வந்து உக்காந்தா ஜனங்க நம்பாது. கொஞ்சம் வெளிறியே இருக்கட்டும்.”

“விளக்கு வெளிச்சத்துல ரொம்ப வெளிறித் தெரியும் பாட்டிம்மா.”

“பாட்டியா? நான் இன்னும் பாட்டி ஆகலடி. ஆக்க வேண்டியவன் கப்பலோட போயிட்டான்.”

அந்தப் பெண்ணின் கை ஒரு நொடி நின்றது. யோம் அக்கா அடுத்த பழத்தை உரிக்கத் தொடங்கினாள். பட்டாளத்தில் பிள்ளைகளை இழந்த தாய்மாரின் சங்கத்துக்கு அவள்தான் தலைவி. கடற்படையில் இருந்த அவள் மகன் எப்படிச் செத்தான் என்பதற்குப் பதினெட்டு வருடமாக அவளிடம் உள்ள ஒரே பதில் ‘விபத்து’ என்ற ஒற்றைச் சொல். மல்சுனிடம் இருப்பது இரண்டு சொல். ‘ஒத்துப்போக இயலாமை.’ பட்டாள வாழ்க்கையோடு ஒத்துப்போக முடியாமல் தோயோல் மொட்டை மாடியிலிருந்து தானே குதித்தான் என்று கோப்பை மூடிவிட்டார்கள்.

அந்தக் கோப்பைத் திறக்கிறேன் என்று இந்தத் தேர்தலில் சொன்ன ஒரே வேட்பாளர் நாம்குங் சோக். அவர் ஜனாதிபதியானால், மூடப்பட்ட ராணுவச் சாவுகள் அத்தனையையும் மறுபடி விசாரிக்கச் சட்டம் வரும். எதிரே நிற்பவர் ஓய்வுபெற்ற ஜெனரல். பட்டாளம் பாலர் பள்ளி இல்லை என்று மேடையில் சொல்லிக் கைதட்டல் வாங்கியவர். இருவருக்கும் நடுவே கருத்துக்கணிப்பில் ஒரு நூல் இடைவெளிதான் இருந்தது.

அந்த நூலும் போன வாரம் அறுந்துவிடும் போலாயிற்று. நாம்குங் சோக் தன் ஊழியர் ஒருவரைக் காது கூசத் திட்டும் ஒலிப்பதிவு ஒன்று வெளியே வந்தது. அன்றிலிருந்து எந்தச் சேனலைத் திருப்பினாலும் இரண்டு வேட்பாளர்களின் குணம்தான் பேச்சு. மனநல மருத்துவர்கள் வந்தார்கள். முகம் பார்த்துக் குணம் சொல்பவர்கள் வந்து, உறைந்து நின்ற படத்தில் புருவத்தையும் மூக்கையும் குச்சியால் சுட்டினார்கள். இக்சான் நகரச் சந்தையில் மல்சுன் நடத்தும் தொடுகறிக் கடையிலும் அதே கச்சேரி. வருகிறவள் எள் இலை ஊறுகாயைக் கேட்டுவிட்டு, கடைக்குள்ளிருந்த டிவியைப் பார்த்தபடி நின்றுவிடுவாள்.

“காதப் பாருடி. புத்தர் காது மாதிரி தொங்குது. இந்தக் காது இருக்கறவன் மனசறிஞ்சு கெடுதல் பண்ண மாட்டான்.”

“காது நல்லாத்தான் இருக்கு. வாய்தான் சாக்கடையா இருக்கு. டேப்ப கேட்டியா நீ?”

“கத்தாத ஆம்பள எங்கடி இருக்கான்? அதுதான் குத்தம்னா எங்க வீட்டுல இருக்கறது கவுன்சிலராக்கூட ஆக முடியாது.”

“நம்ம சந்தைக்கு வந்தப்ப மீன்கேக் சாப்ட்டாருல்ல, சூப்ப அப்படியே வெச்சிட்டுப் போனாரு. எனக்கு அன்னிக்கே விட்டுப்போச்சு. ஜெனரல் கடைசிச் சொட்டு வரைக்கும் குடிச்சாரு.”

“பட்டாளத்துல அப்படித்தான் குடிப்பாங்க. அது குணமில்ல, பழக்கம்.”

பிறகு எல்லோரும் அவள் பக்கம் திரும்பினார்கள். “தோயோல் அம்மா, நீதான கிட்டத்துல பாத்தவ. சொல்லு, எப்படிப்பட்ட மனுசன்?”

மல்சுன் நெத்திலி வறுவலை டப்பாவில் அள்ளிக்கொண்டிருந்தாள். “அழுதாரு” என்றாள்.

“பாத்தியா?” என்றாள் புத்தர் காதுக்காரி. எல்லோருக்கும் அது போதுமானதாக இருந்தது. அவளுக்குத்தான் போதவில்லை.

ஏழு வருடங்களுக்கு முன்பு, ராணுவ ஆஸ்பத்திரியின் துக்கக் கூடத்துக்கு அவர் வந்தபோது மல்சுன் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். பெற்றவர்கள் பிள்ளையின் படத்தை வணங்குவதில்லை. வயதில் மூத்தவர்கள் யாரும் இளையவனின் சாவுக்கு விழுந்து வணங்குவதில்லை. நின்று, தலையைத் தாழ்த்தி, ஒரு வெள்ளைச் செவ்வந்தியை வைத்துவிட்டு நகர்வார்கள். படைத்தளபதி அப்படித்தான் செய்தார். நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த நாம்குங் சோக், நரை ஓடிய தலையோடு, இருபத்தொரு வயதுப் பையனுக்கு முன்னால் மண்டியிட்டு விழுந்தார். ஒரு முறை. மறுபடி எழுந்து, மறுபடி விழுந்தார். “சின்னவனுக்கு இப்படிச் செய்யக்கூடாதே” என்று அவள் கணவரின் அண்ணன் முனகியது காதில் விழுந்தது. நாம்குங் சோக் எழுந்திருக்கவில்லை. அவர் முதுகு குலுங்கியது. மறுநாள் எல்லாப் பத்திரிகைகளிலும் அந்த முதுகுதான் வந்தது. சிப்பாயை வணங்கிய தலைவர் என்று நாடு அவரைக் கண்டுகொண்டது அன்றிலிருந்துதான்.

பத்திரிகைக்காரர்கள் போனபின் மல்சுன் முகம் கழுவ எழுந்து வெளியே வந்தாள். தாழ்வாரத்தின் இருபுறமும் ஆள் உயரத்துக்கு மலர்வளையங்கள் நின்றன. ஒவ்வொன்றிலும் அனுப்பியவர் பெயர் எழுதிய ரிப்பன் தொங்கியது. யாருடையது படத்துக்கு அருகே, யாருடையது கடைசியில் என்பதை வருகிறவர்கள் எல்லாம் கவனிப்பார்கள். நாம்குங் சோக்கின் வளையம் தளபதியுடையதற்குப் பின்னால், செருப்பு அலமாரி ஓரத்தில் நின்றிருந்தது. அதன் முன்னால் அவரும் அவருடைய உதவியாளர் தாக் யோங்கோவும் நின்றுகொண்டிருந்தார்கள். பூக்களுக்கு மறுபுறம் மல்சுன் நின்றது அவர்களுக்குத் தெரியவில்லை.

“இது ஏன் இங்க இருக்கு?” என்றார் அவர். துக்கம் விசாரிக்கும் அதே தணிந்த குரல்.

“தப்பு என்னோடது சார். அவங்க ஆளுங்க முன்னாடியே வந்து…”

அவர் ஷூவின் முனையால் தாக்கின் முழங்காலுக்குக் கீழே, எலும்பில், உதைத்தார். தாக் வளைந்து நிமிர்ந்தார். அதே இடத்தில் இன்னொரு உதை. பட்டாளத்தில் சீனியர்கள் உதைக்கும் இடம் அது. வெளியே தெரியாது, கால்சட்டை மூடிக்கொள்ளும். மல்சுன் பார்த்தது காலை அல்ல, முகத்தை. அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவள் அன்றே மறந்திருப்பாள். இறுகிப்போன கதவை நடந்துகொண்டே காலால் தள்ளிவிடுகிற முகம். கண்களில் சற்று முன் அழுத ஈரம்கூட அப்படியே இருந்தது.

அவர் திரும்பினார். அவளைப் பார்த்தார். அவர் கண்கள் மறுபடி நிறைந்தன. “அம்மா” என்று அவள் கைகளைப் பிடித்துக்கொண்டார். உள்ளங்கை சூடாக இருந்தது. அவளுக்கு அந்தச் சூடு அப்போது வேண்டியிருந்தது. கையை இழுத்துக்கொள்ளவில்லை.

அன்று காலையில்தான் தோயோலைக் குளிப்பாட்டிக் கோடி உடுத்துவதைப் பார்க்க அவளை அனுமதித்திருந்தார்கள். துணி விலகியபோது முழங்காலுக்குக் கீழே இரண்டு கால்களிலும் பழுத்த கத்தரிக்காய் நிறத்தில் பட்டைகள். பழையதின் மேல் புதியது, அதற்கும் அடியில் மஞ்சளாகிப் போனது. கால்பந்து ஆடுகிறபோது பட்டது என்றார் அதிகாரி. தோயோலுக்குப் பந்தை உதைக்கவே வராது.

மேக்கப் பெண் கழுத்தில் சொருகியிருந்த துண்டை எடுத்தபோது கதவு திறந்து தாக் யோங்கோ வந்தார். இப்போது அவர் உதவியாளர் இல்லை, வேட்பாளரின் பேச்சுகளை எழுதும் குழுவுக்குத் தலைவர். இரண்டு வாரம் முன்பு இக்சானுக்கே வந்து, கடையில் நின்று, தாமரைத்தண்டு வறுவலைச் சாப்பிட்டுப் புகழ்ந்துவிட்டு, இந்தப் பேச்சைக் கேட்டவர் அவர்தான். கட்சிகளுக்கு டிவியில் கிடைக்கும் நேரத்தில் தலைவர்கள் மட்டும் பேசுவதில்லை. மீன் விற்பவர், டாக்சி ஓட்டுபவர் என்று யாரையாவது உட்காரவைத்து, இந்த மனிதரை எனக்குத் தெரியும் என்று சொல்லவைப்பார்கள். இந்த முறை அவள்.

“ரெடியாம்மா? நல்லா இருக்கீங்க” என்று புதிய தாளை நீட்டினார். “கடைசில ஒரு வரி சேத்திருக்கோம். ஒரு தடவ கண்ணோட்டிக்கங்க.”

அவள் படித்தாள். ‘தனக்குக் கீழே இருப்பவர்கள் மீது குரலையோ கையையோ உயர்த்தத் தெரியாத மனிதர் அவர். ஒரு தாயாக இதை நான் உறுதியாகச் சொல்கிறேன்.’

“இது முன்னாடி இல்லையே, தம்பி.”

“காலைலதான் சேத்தோம். அந்த டேப்புக்கு நாங்க பதில் சொன்னா, மறுக்கறாங்கம்பாங்க. நீங்க சொன்னா அது சாட்சி. உங்கள யாரும்மா கேள்வி கேப்பாங்க?”

“நான் எப்படி இதச் சொல்றது?”

“நீங்க அவர நேர்ல பாத்தவங்க.”

“பாத்தேன்” என்றாள் மல்சுன். “அன்னிக்குத் தாழ்வாரத்துல உங்களையும் பாத்தேன்.”

தாக் மேக்கப் பெண்ணைப் பார்த்தார். அவள் பிரஷ்களை அள்ளிக்கொண்டு வெளியே போனாள். யோம் அக்கா ஆரஞ்சுத் தோலைக் கையில் வைத்துக்கொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“என்னடி பாத்த?”

மல்சுன் சொன்னாள். வளையம், செருப்பு அலமாரி, உதை. இவ்வளவு வருடமாக யாரிடமும் சொல்லாதது சொல்லத் தொடங்கியதும் நாலைந்து வாக்கியங்களில் தீர்ந்துபோனது அவளுக்கே வியப்பாக இருந்தது.

தாக் மறுப்பார் என்று நினைத்தாள். அவர் சிரித்தார், கூச்சத்தோடு, பழைய காதலைப் பற்றி யாரோ கேட்டுவிட்டது போல.

“அது என் தப்பும்மா. வளையத்த எங்க வைக்கணும்னு பாக்கறதுதான் என் வேலை. அன்னிக்கு அதக்கூட ஒழுங்காப் பண்ணல.”

“வலிச்சுதா?”

“அன்னிக்கு சாயங்காலமே விலா எலும்புக் கறி வாங்கிக் குடுத்தாரு. அவரே கத்திரியால வெட்டி என் தட்டுல வெச்சாரு. உன்னத் தம்பியா நெனைக்கறேன்டா, அதான் கை கால் நீளுதுன்னாரு. வேண்டாதவன யாரும்மா உதைப்பாங்க? என் கல்யாணத்த முன்னாடி நின்னு நடத்தி வெச்சதே அவர்தான்.”

அவர் பொய் சொல்லவில்லை. அதனால்தான் மல்சுனுக்குக் குளிரடித்தது. இதே குரலை அவள் முன்பு ஒரு தரம் கேட்டிருக்கிறாள். தோயோலின் படைப்பிரிவிலிருந்து விசாரணைக்கு வந்த ஒரே ஒரு பையன், பருக்கள் போகாத முகம், அவள் பக்கம் திரும்பி மரியாதையாகத் தலைகுனிந்துவிட்டுச் சொன்னான். எங்களுக்குப் பிடிச்ச பையன், அதனாலதான் தட்டிச் சொல்லிக்குடுத்தோம். அவனும் பொய் சொல்லவில்லை. தோயோல்கூட ஒருவேளை உயிரோடு வந்திருந்தால், நாற்பது வயதில் யார் முன்னாலாவது நின்று இப்படித்தான் சிரித்திருப்பானோ? அந்த நினைப்பை அவள் அவசரமாகத் தள்ளினாள். அது போகாமல் நின்றது.

“இந்த வரி இல்லாம மத்ததெல்லாம் சொல்றேன்” என்றாள். “வணங்கினாரு, அழுதாரு, கையப் பிடிச்சாரு. எல்லாம் சொல்றேன்.”

தாக் செல்பேசியோடு வெளியே போனார். கண்ணாடிக்கு அப்பால் அவர் யாரிடமோ குனிந்து குனிந்து பேசுவது தெரிந்தது.

“பைத்தியமாடி நீ?” என்றாள் யோம் அக்கா. அவள் குரலில் கோபத்தைவிடப் பயம் அதிகமாக இருந்தது. “உதை வாங்கினவனே சிரிக்கிறான். அவனுக்கு இல்லாத வலி உனக்கென்ன?”

“அக்கா…”

“நாம என்ன மாப்பிள்ளையா பாக்க வந்திருக்கோம், குணம் பாக்கறதுக்கு? கதவத் தொறக்க ஒருத்தன் வேணும். அவன் காலால தொறந்தா என்ன, கையால தொறந்தா என்ன? ஜெனரல் வந்தா அந்தக் கதவ செங்கல் வெச்சு அடைச்சிருவான். எனக்கு அதுக்கப்பறம் இன்னொரு தேர்தல் இருக்குன்னு நெனைக்கறியா?”

“அப்ப நீங்க சொல்லுங்கக்கா. உங்க வாயால.”

“சொல்லுவேன். கேட்டா இப்பவே சொல்லுவேன்.” யோம் அக்கா கையிலிருந்த தோலைக் கசக்கினாள். “யார் கேக்கறா? அவரு விழுந்து கும்பிட்டது உம் பிள்ளைய. எம் பிள்ளைக்கு ஒருத்தனும் வரல. ஒரு பூகூட வரல.”

மல்சுனால் அவளைப் பார்க்க முடியவில்லை. அக்கா சொல்வதில் தப்பில்லை. தோயோல் ஏன் அந்த மாடிக்குப் போனான், தனியாகப் போனானா, யாராவது கூப்பிட்டார்களா என்று தெரியாமல் அவள் ஒரு நாளும் சோறு பொங்கியதில்லை. குழம்பு கொதிக்கும்போதெல்லாம் அவன் படி ஏறிக்கொண்டிருப்பான். அந்தப் படிகள் முடிகிற இடத்தைப் பார்க்க அவள் எதையும் செய்வாள் என்றுதான் இத்தனை நாள் தன்னைப் பற்றி நினைத்திருந்தாள். அரசு அலுவலகங்களுக்கு முன்னால் தலையை மழித்துக்கொண்டாள், பனியில் பாய் விரித்துப் படுத்தாள். அவற்றில் எல்லாம் வலி இருந்தது, ஆனால் எளிது. தன் உடம்பை மட்டும் கொடுத்தால் போதும். இப்போது கேட்பது வேறு. தோயோலுக்கு நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால், தோயோலுக்கு நடந்தது ஒன்றுமே இல்லை என்று அவள் சொல்ல வேண்டும்.

தாக் திரும்பி வந்தார். முகத்தில் சிரிப்பு இல்லை.

“முடியாதாம்மா. அந்த வரிக்காகத்தான் இப்ப இந்த நேரத்தையே உங்களுக்கு விட்டுவெச்சிருக்காங்க. அது இல்லன்னா வேற ஆள். நான் உங்கள மெரட்டறதா நெனைக்காதீங்க, நெலமையச் சொல்றேன். இவரு தோத்தா சட்டம் இல்ல. உங்க ஒருத்தரோட விஷயம் மட்டும் இல்ல இது, அக்காவோடதும், சங்கத்துல இருக்கற எல்லாரோடதும்.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “உலகத்துல குறையில்லாதவன் யாரும்மா? ரெண்டு பேர்ல யாரு கொஞ்சம் மேலுன்னுதான பாக்க முடியும். என்னையே எடுத்துக்கங்க. எனக்குக் கீழ இப்ப எத்தனையோ பேர். நானும் சில சமயம்…” அவர் நிறுத்திக்கொண்டார்.

“ஓட்டு அவருக்குத்தான் போடுவேன்” என்றாள் மல்சுன்.

“அப்பறம் என்னம்மா?”

மல்சுன் தாளை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். ஸ்டூடியோவுக்கு அழைத்தபோது எழுந்து போனாள். யோம் அக்கா அவள் முதுகைத் தடவிவிட்டு, “போ, போய் சொல்லிட்டு வா” என்றாள், ஊசி போட்டுக்கொள்ளப் போகும் பிள்ளைக்குச் சொல்வது போல.

நாற்காலியின் பின்னால் புத்தக அலமாரியைப் போலத் தீட்டிய ஒரு தட்டி இருந்தது. ஓர் இளைஞர் அவள் கழுத்துப்பட்டியில் மைக்கைச் செருகினார். எதிரே கேமராவுக்குக் கீழே எழுத்துகள் பெரிதாக ஓடத் தயாராக நின்றன. கேமராவின் பக்கத்தில் தாக். கண்ணாடிக்குப் பின்னால் டைரக்டர், அவருக்கும் பின்னால் இருட்டில் யோம் அக்காவின் வெள்ளை முடி.

சிவப்பு விளக்கு எரிந்ததும் அவள் வாசிக்கத் தொடங்கினாள். குரல் நடுங்கவில்லை. என் மகன் தோயோல் ராணுவத்தில் இறந்தான். யாருமே எங்கள் பேச்சைக் கேட்காத நேரத்தில் அவர் வந்தார். மண்டியிட்டார். நாட்டின் சட்டத்தை எழுதுகிறவர், என் சிறு பிள்ளைக்கு முன்னால் நெற்றியைத் தரையில் வைத்தார். அவர் கை சூடாக இருந்தது. அந்த இடத்தில் உண்மையாகவே அவளுக்குக் கண் நிறைந்தது. கண்ணாடிக்குப் பின்னால் யாரோ தலையாட்டுவது தெரிந்தது. நன்றாகப் போகிறது என்று அவளுக்கே தோன்றியது. இந்த வேகத்திலேயே அடுத்ததும் வழுக்கிக்கொண்டு வந்துவிடும், ஒரு மூச்சுதான்.

எழுத்துகள் மேலே நகர்ந்தன. அந்த வரி வந்து நின்றது.

அவள் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தாக் ஓசையில்லாமல் உதடுகளை அசைத்து முதல் சொல்லை எடுத்துக்கொடுத்தார். மறுபடி எடுத்துக்கொடுத்தார்.

“கட் பண்ணிக்கலாம்” என்றது மேலேயிருந்து டைரக்டரின் குரல். “ரொம்ப நல்லா வந்துதும்மா. பதறாதீங்க. தண்ணி குடிச்சிட்டு, அந்தக் கடைசி வரிய மட்டும் எடுத்துக்கலாம். தனியாச் சேத்துக்குவோம்.”

ஒருவர் தண்ணீர் கொண்டுவந்தார். அவள் வாங்கிக் குடித்தாள். கோப்பையைத் திருப்பிக் கொடுத்தாள்.

“ரெடியாம்மா?”

“வேண்டாம்” என்றாள் மல்சுன். மைக் இருந்ததால் மெதுவாகச் சொன்னதே எல்லோருக்கும் கேட்டது. “அத நான் சொல்லல.”

“அப்பறம் இதையெல்லாம் போட முடியாதும்மா. தெரியும்ல?” என்றார் தாக்.

“தெரியும், தம்பி” என்றாள். கண்ணாடிக்குப் பின்னால் யோம் அக்கா எழுந்து நின்றுவிட்டாள். மல்சுன் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டே, கழுத்துப்பட்டியில் மைக் எங்கே செருகியிருக்கிறது என்று விரலால் தேடினாள். “இத எப்படிக் கழட்டறது?”